நடு மண்டையில் கேட்கும் வசனம்

திருவொற்றியூர் தேரடியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் சந்துகளில் வீடு என்றால் பெரும்பாலும் ஒரு கூடம், ஒரு சமையல் மூலை. நைட் ஷிஃப்ட் முடித்து வந்தவர் அந்தக் கூடத்தில்தான் பகலில் தூங்குவார். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைக்கும் இடம் அதுதான். வெளியே, துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நின்று ஏர் ஹாரன் அடித்துக்கொண்டிருக்கும். இப்படிப்பட்ட வீட்டில் ஐந்து ஸ்பீக்கரும் ஒரு சப்வூஃபரும் வைத்துப் படம் பார்ப்பது நடக்கிற காரியமில்லை. வைக்க இடம் கிடைத்தாலும் சுவர் பக்கத்து வீட்டுக்கும் பொதுச் சுவர். அதனால் இங்கே படம் பார்க்கிறவர்களுக்குக் கம்ப்யூட்டரும் ஹெட்போனும்தான் தியேட்டர்.

காதுக்கு ஒன்றாக இரண்டே ஸ்பீக்கர் உள்ள ஹெட்போனில், முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் ஒலிக்கும் சரவுண்ட் கிடைக்குமா? ஹெட்போன் பெட்டியில், ஏழு ஸ்பீக்கரும் ஒரு சப்வூஃபரும் என்ற கணக்கில், 7.1 என்று பெரிதாக அச்சடித்திருக்கிறார்கள். வாங்கியவர்களைக் கேட்டால், ஒருவர் தியேட்டரில் உட்கார்ந்த மாதிரி இருக்கிறது என்கிறார். அதே ஹெட்போனை அதே கம்ப்யூட்டரில் மாட்டிய அவர் தம்பி, கிணற்றுக்குள் கேட்கிற மாதிரி இருக்கிறது என்கிறார். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. கம்ப்யூட்டருக்கு வந்து சேரும் ட்ராக், நடுவில் நடக்கும் கணக்கு, கேட்கிறவரின் காது என்ற மூன்றும்தான் இதைத் தீர்மானிக்கின்றன. காசு கேட்பது நடுவில் உள்ள கணக்குக்கு மட்டும். மற்ற இரண்டும்தான் பெரிய வித்தியாசம் செய்பவை என்பது பல வருடம் கேட்டும் படித்தும் நான் கண்ட முடிவு.

தமிழ் சினிமாவுக்கு இந்த ஒலி பழையது. 1986இல் தமிழின் முதல் 70 எம்எம் படமான 'மாவீரன்' ஆறு ட்ராக் ஒலியோடு வந்தது. 1995இல் 'குருதிப்புனல்' டால்பி ஸ்டீரியோவைக் கொண்டுவந்தது, அடுத்த ஆண்டு 'கருப்பு ரோஜா' டிடிஎஸ்ஸை. 2012 டிசம்பரில் 'சிவாஜி' முப்பரிமாணப் பதிப்பு டால்பி அட்மாஸில் வெளியானது; ஹாலிவுட்டில் அட்மாஸின் முதல் படம் வந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. 2013இல் 'விஸ்வரூபம்' ஆரோ 3டி ஒலியில் வந்தது. 'மகாநதி', 'கன்னத்தில் முத்தமிட்டால்' படங்களின் ஒலிக்குத் தேசிய விருது வாங்கிய ஹெச். ஸ்ரீதர், 2008இல் மறையும் வரை, ஒரு வசனத்தை எங்கே வைப்பது, ஒரு குண்டுச் சத்தத்தை எந்தப் பக்கம் அனுப்புவது என்று இதே ஊரில் உட்கார்ந்து ஒலிக் கலவை செய்துகொண்டிருந்தார். ஆக, நம் படங்களில் திசைக்குத் திசை ஒலி உண்டு. அது கம்ப்யூட்டர் வரை பத்திரமாக வந்து சேர்கிறதா என்பதுதான் பிரச்சினை.

எங்கள் பக்கம் அதைக் கேட்கிற இடமும் குறைந்துகொண்டே வந்தது. தண்டையார்பேட்டை அகஸ்தியா 1967இல் திறந்து 53 ஆண்டுகள் ஓடி 2020இல் மூடப்பட்டது. அடுத்த ஆண்டு ஜூலையில், வடசென்னைக் குத்துச்சண்டைப் பரம்பரைகளின் கதையான 'சார்பட்டா பரம்பரை' தியேட்டருக்கு வராமல் நேராக அமேசான் பிரைமில் வந்தது. தன் கதையை இந்த ஊர் முதலில் பார்த்தது ஃபோனிலும் லேப்டாப்பிலும்தான். ரிங்கைச் சுற்றிக் கூட்டம் இருக்கிற படம் அது. கூச்சல் நான்கு பக்கமும் கிளம்ப, பயிற்சியாளர் ரங்கன் வாத்தியாரின் குரல் ஓரத்திலிருந்து அதைக் கிழித்துக்கொண்டு வர வேண்டும். இரண்டு சேனலில் அமுக்கிக் கேட்டால் கூட்டமும் வாத்தியாரும் ஒரே இடத்தில் குவிந்துவிடுகிறார்கள்.

காது எப்படித் திசையைக் கண்டுபிடிக்கிறது என்று தெரிந்தால் மற்றதெல்லாம் விளங்கிவிடும். வலப்பக்கம் எழும் சத்தம் வலது காதுக்கு முதலில் வருகிறது. சென்னை வெயிலில் ஒலி நொடிக்குச் சுமார் 350 மீட்டர் போகும். தலையைச் சுற்றிக்கொண்டு இடது காதுக்குப் போய்ச் சேர அதற்குக் கூடுதலாகப் பிடிப்பது அதிகபட்சம் ஒரு மில்லி நொடியில் மூன்றில் இரண்டு பங்கு நேரம். இந்தத் துளி நேரத்தை மூளை அளக்கிறது. அதோடு, தலை மறைப்பதால் தூரத்துக் காதில் கூரிய ஒலிகள் குறைந்து கேட்கும். தாழ்ந்த ஒலிக்கு நேரம், உயர்ந்த ஒலிக்கு அளவு என்று இந்த இரண்டையும் பிரித்துச் சொன்னவர் ஆங்கிலேய விஞ்ஞானி ராலே பிரபு, 1907இல்.

இடமா வலமா என்பதற்கு இது போதும். முன்னாலா பின்னாலா என்பதற்குப் போதாது. நேர் முன்னால் இருக்கிற சத்தமும் நேர் பின்னால் இருக்கிற சத்தமும் இரண்டு காதையும் ஒரே நேரத்தில், ஒரே அளவில்தான் அடையும். அங்கேதான் காதுமடல் வேலை செய்கிறது. அதன் மடிப்புகளும் குழிகளும் ஒவ்வொரு திசையிலிருந்து வரும் ஒலியிலும் சில அதிர்வெண்களை ஏற்றி, சிலவற்றைத் தின்றுவிடுகின்றன. பெரும்பாலும் 4,000, 5,000 ஹெர்ட்ஸுக்கு மேலே நடக்கிற வேலை இது. பிறந்ததிலிருந்து தன் சொந்த மடலோடு பழகிய மூளை, அந்தச் சாயலை வைத்தே பின்னால் என்கிறது, மேலே என்கிறது. அப்போதும் சந்தேகம் வந்தால் தலையைத் திருப்புவோம். எங்கள் மாமா ஒருவர் காசிமேட்டு விசைப்படகில் டிரைவராக இருந்தார். இருட்டில் வேறொரு படகின் இன்ஜின் சத்தம் வந்தால் கழுத்தை இப்படியும் அப்படியும் மெல்ல ஆட்டிவிட்டுத்தான் கையை நீட்டிக் காட்டுவார். தலையை அசைப்பது திசைக் குழப்பத்தை எப்படித் தீர்க்கிறது என்று ஹான்ஸ் வாலாக் என்ற உளவியலாளர் 1940இல் ஆய்வு செய்து எழுதியிருக்கிறார். மாமாவுக்கு அது தொழிலில் வந்த பழக்கம்.

ஹெட்போன் இந்த மூன்றையும் பறித்துவிடுகிறது. இடது சேனல் இடது காதுக்கு மட்டும். வலது காதுக்கு அது போகவே போகாது. ஒலி மடலின் மேல் திசைவாரியாக விழுவதில்லை. தலையைத் திருப்பினால் ஒலியும் கூடவே திரும்புகிறது. அதனால்தான் சாதாரண ஸ்டீரியோவில் பாட்டு தலைக்குள்ளேயே, இரண்டு காதுக்கும் நடுவே கோடு போட்ட மாதிரி கேட்கிறது.

பறித்ததைக் கணக்குப் போட்டுத் திருப்பிக் கொடுப்பதுதான் இந்த மெய்நிகர் சரவுண்ட். மனிதத் தலையும் மடலும் உள்ள ஒரு பொம்மையின் காதில் மைக் வைத்து, சுற்றிலும் பல இடங்களிலிருந்து ஒலி எழுப்பிப் பதிவு செய்கிறார்கள். அமெரிக்காவின் எம்ஐடி கழகத்தில் பில் கார்ட்னரும் கீத் மார்ட்டினும் 1994இல் கீமர் என்ற பொம்மையை வைத்து 710 திசைகளில் அளந்து, அந்த அளவுகளை எல்லாருக்கும் இலவசமாகக் கொடுத்தார்கள். ஒரு திசையிலிருந்து வரும் ஒலி இடது காதில் எப்படி மாறுகிறது, வலது காதில் எப்படி மாறுகிறது என்ற சாயல் கையில் கிடைத்துவிட்டால், எந்தச் சத்தத்தின் மீதும் அதைப் பூசலாம். 5.1 படத்தில் சப்வூஃபர் போக ஐந்து ஸ்பீக்கர். ஒவ்வொன்றுக்கும் இரண்டு காதுச் சாயல். ஆகப் பத்து வடிகட்டிகள். பத்தையும் ஓட்டிக் கூட்டினால் ஹெட்போனுக்குத் தேவையான இரண்டு சேனல் வந்துவிடும். சிறிது அறை எதிரொலியும் சேர்ப்பார்கள். எதிரொலி இல்லாவிட்டால் ஒலி தலையை விட்டு எளிதில் வெளியே போகாது. அந்த எதிரொலியைத்தான் தம்பி கிணறு என்றார்.

பொம்மையின் காது நம் காது இல்லையே என்று இந்த இடத்தில் கேட்கத் தோன்றும். சரியான கேள்வி, ஆராய்ச்சியும் அதையே கேட்டது. 1989இல் விஸ்கான்சினில் வைட்மேன், கிஸ்லர் இருவரும் ஒவ்வொருவரின் சொந்தக் காதிலேயே அளந்து, அதே ஆளுக்கு ஹெட்போனில் போட்டுக் காட்டினார்கள். கேட்டவர்கள் நிஜ ஸ்பீக்கரைச் சுட்டுவதற்குக் கிட்டத்தட்ட ஈடாகத் திசையைச் சுட்டினார்கள். 1993இல் நாசாவின் எலிசபெத் வென்செல் குழு அடுத்தவர் காதின் அளவைப் போட்டுப் பார்த்தது. இடவலம் பெரிதாகக் கெடவில்லை. முன்பின் குழப்பம் கூடிவிட்டது. 1998இல் ஹாலந்தில் ஹாஃப்மன் குழு சிலரின் மடலுக்குள் அச்சு வைத்து வடிவத்தையே மாற்றியது. முதலில் மேல்கீழ் தெரியாமல் திண்டாடியவர்கள், சில வாரங்கள் அந்தக் காதோடு நடமாடிய பிறகு திரும்பக் கற்றுக்கொண்டார்கள். இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால், அண்ணனுக்குப் பிடித்தது தம்பிக்குப் பிடிக்காததன் காரணம் தெரிகிறது. அண்ணனின் மடல் அந்தப் பொம்மைக்கு நெருக்கம். தம்பி பத்து நிமிடத்தில் கழற்றாமல் பத்து நாள் கேட்டிருந்தால் அவர் கருத்தும் மாறியிருக்கக்கூடும்.

இனி கம்ப்யூட்டர். முதலில் பார்க்க வேண்டியது ட்ராக். விசிடியில் இரண்டு சேனல்தான் உண்டு, டிவிடியில் 5.1 வைக்க இடம் இருக்கிறது. 2007இல் மோசர் பேயர் தமிழ்ப் படங்களை விசிடி 28 ரூபாய், டிவிடி 34 ரூபாய் என்று கடைகளில் கொட்டியபோது, ஆறு ரூபாயை மிச்சம் பிடித்து விசிடி வாங்கியவர்களுள் நானும் ஒருவன். இன்று அந்தத் தப்பு வேறு வேஷத்தில் நடக்கிறது. ஓடிடி படத்தை பிரௌசரில் திறந்தால் பெரும்பாலும் ஸ்டீரியோதான் வரும். சில நேரம் அதே நிறுவனத்தின் விண்டோஸ் ஆப்பில் 5.1 கிடைக்கும். சாதாரண ஸ்டீரியோவாகச் சுருங்கி வந்துவிட்ட ஒலியில் எந்த மென்பொருளாலும் கூட்டத்தைச் சரியாகப் பிரித்துப் பின்னால் கொண்டுபோய் நிறுத்த முடியாது. இரண்டு ஸ்பீக்கரை உங்கள் முன்னால் வைத்த மாதிரிக் காட்டும், அவ்வளவுதான். எண்பதுகளுக்கு முந்திய மோனோ படங்களுக்கு அதுவும் வீண். எதையும் போடாமல் அப்படியே கேட்பதுதான் அந்தப் படங்களுக்குச் செய்யும் மரியாதை. நம் கையில் இருக்கிற கோப்பு என்றால் விஎல்சி பிளேயரில் கோடெக் தகவலைத் திறந்து எத்தனை சேனல் என்று பாருங்கள். பெயரில் 5.1 என்று போட்டிருப்பதை நம்ப வேண்டாம்.

கணக்கு இரண்டாவது. 2017 முதல் விண்டோஸிலேயே விண்டோஸ் சோனிக் என்ற வசதி இலவசமாக இருக்கிறது. பணிப்பட்டையில் ஸ்பீக்கர் படத்தை வலது க்ளிக் செய்து ஒலி அமைப்புகளுக்குப் போய், ஹெட்போனுக்கான ஸ்பேஷியல் சவுண்டில் அதைத் தேர்ந்தெடுத்தால் போதும். டால்பி அட்மாஸ் ஃபார் ஹெட்போன்ஸ், டிடிஎஸ் ஹெட்போன் எக்ஸ் இரண்டும் அதே இடத்தில் உட்காரும். கொஞ்ச நாள் சும்மா கேட்கலாம், பிறகு காசு. கையை அழுக்காக்கத் தயங்காதவர்களுக்கு ஈக்வலைசர் ஏபிஓ, அதன் மேல் ஓடும் ஹெசுவி என்ற மென்பொருள்கள் இருக்கின்றன. இரண்டும் இலவசம். ஹெசுவியில் பல நிறுவனங்களின் காதுச் சாயல்கள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து நம் மடலுக்குப் பொருந்துவதை எடுத்துக்கொள்ளலாம். பொம்மையின் காது நமக்குப் பொருந்தாது என்ற குறைக்கு ஏழைக்குக் கிடைக்கிற நல்ல மருந்து இதுதான் என்பேன். பணம் உள்ளவர்கள் வேறு வழியில் போகிறார்கள்: சிங்கப்பூர் கிரியேட்டிவ் நிறுவனம் 2018இல் காதைப் படமெடுத்துக் கணக்குப் போடும் சூப்பர் எக்ஸ்-ஃபையைக் கொண்டுவந்தது, ஆப்பிள் 2020இல் தலை திரும்புவதைக் கண்காணிப்பதையும், 2022இல் ஐஃபோன் கேமராவில் காதை அளப்பதையும் சேர்த்தது. தலையைத் திருப்பினாலும் ஒலி திரையோடு நிற்பது உண்மையிலேயே பெரிய முன்னேற்றம். மாமா கழுத்தை ஆட்டியதை இயந்திரத்துக்கும் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

எந்தக் கணக்கை எடுத்தாலும் அதை ஒரே ஒரு முறைதான் போட வேண்டும். நான் பார்த்த வீடுகளில் பெரும்பாலான புகார் இந்த இடத்தில்தான் பிறக்கிறது. விண்டோஸில் சோனிக் ஓடும், விஎல்சியில் ஹெட்போன் விளைவும் ஓடும், ஹெட்போனோடு வந்த மென்பொருளில் 7.1 பொத்தானும் எரியும். ஒரு சாயலின் மேல் இன்னொரு சாயல், அதற்கு மேல் இன்னொன்று. வசனம் தகர டப்பாவுக்குள் பேசிய மாதிரி ஆகிவிடுகிறது. நெட்ஃபிளிக்ஸ் 2022 முதல் சில படைப்புகளை இந்தக் கணக்கை முன்பே முடித்த இரண்டு சேனலாகவே அனுப்புகிறது. அவற்றைப் பார்க்கும்போது நம் பக்கத்துப் பொத்தான் எல்லாம் அணைந்திருக்க வேண்டும். நம் பக்கத்தில் கணக்குப் போடுவதென்றால் பிளேயர் ஆறு சேனலையும் கலக்காமல் அப்படியே விண்டோஸிடம் ஒப்படைக்க வேண்டும்.

ஹெட்போனைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஒரு காதுக்குள் நாலைந்து சின்ன ஸ்பீக்கரைத் திணித்த 7.1 ஹெட்போன் வேண்டாம். காதை ஒட்டி அவ்வளவு அருகில் இருக்கும்போது திசை பிறக்காது. நல்ல இரண்டு ஸ்பீக்கர் உள்ளது போதும். ப்ளூடூத்தும் தப்பில்லை, கணக்கு முடிந்த பிறகு போகிறது இரண்டு சேனல்தானே. ஆனால் ஏதாவது ஒரு மென்பொருள் ப்ளூடூத் ஹெட்போனின் மைக்கைத் திறந்துவிட்டால் ஒலி பெரும்பாலும் ஃபோன் பேசுகிற தரத்துக்கு, ஒற்றைச் சேனலாக விழுந்துவிடும். திடீரென்று எல்லாம் சப்பென்று ஆனால் முதலில் அதைப் பாருங்கள். லாரிச் சத்தத்துக்கு மூடிய வகை நல்லது. மே மாதத்தில் அது காதை வேகவைக்கும் என்பதும், உப்புக் காற்றில் ரெக்சின் உறை இரண்டு வருடத்தில் செதில் செதிலாக உதிரும் என்பதும் கடலோரத்துக்காரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. துணி உறை தாங்கும்.

காது மூன்றாவது. இதை நான் அப்பாவிடம்தான் கற்றுக்கொண்டேன். எண்ணூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் பிரஸ் ஷாப்பில் முப்பது வருடம் நின்றவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவரை நாற்காலியில் உட்காரவைத்து, கண்ணை மூடச் சொல்லி, சேனலுக்குச் சேனல் மாறி இரைச்சல் எழுப்பும் ஒரு 5.1 கோப்பை சோனிக்கில் ஓட்டினேன். சத்தம் வருகிற பக்கம் கையை நீட்ட வேண்டும். இடது முன், கை இடப்பக்கம் போனது. வலது முன், வலப்பக்கம். இடது பின்னால் வந்தபோதும் கை பழைய இடத்துக்கேதான் போனது. வலதிலும் அப்படியே. நடுச் சேனல் வந்ததும் கையைத் தூக்கி உச்சந்தலையில் வைத்துக்கொண்டார்.

"இன்னாடா இது, நடு மண்டைல கேக்குது."

அம்மாவுக்கு அதே ஹெட்போன், அதே கோப்பு. பின் சேனல் வந்ததும் கழுத்துக்குப் பின்னால் கையைக் கொண்டுபோய், "பின்னாடி யாரோ நின்னுகினு ஊதற மாரி கீது" என்றார்.

இரைச்சலால் வரும் செவிக் குறைவு முதலில் தாக்குவது 3,000 முதல் 6,000 ஹெர்ட்ஸ் பகுதியை. 4,000இல் ஒரு பள்ளம் விழுவது அதன் அடையாளம். காதுமடல் முன்பின் எழுதிவைக்கிற பக்கம் அங்கிருந்துதான் தொடங்குகிறது. தாழ்ந்த ஒலியின் நேர வித்தியாசம் அவருக்கு முழுசாக இருக்கிறது, அதனால் இடவலம் தவறவில்லை. முன்பின் சொல்லும் எழுத்துத்தான் அழிந்துவிட்டது. எட்டு மணி நேர வேலைக்கு 90 டெசிபல் என்பது இந்தியத் தொழிற்சாலைகளுக்கு வகுத்த உச்சவரம்பு. ஹெட்போன் கேட்பவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்ன அளவு 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம். இரண்டுக்கும் இடையில் உள்ள பத்து டெசிபல் என்பது பத்து மடங்கு ஒலி ஆற்றல். திருவொற்றியூரிலிருந்து எண்ணூர் வரை டயர், வண்டி, உரம், இரும்பு என்று நின்று உழைத்த காதுகள் எத்தனையோ இருக்கின்றன. நான் படித்தவரை, மெய்நிகர் சரவுண்டை மதிப்பிட்டு எழுதுகிறவர்கள் எல்லாரும் இருபது வயதுக் காதை வைத்தே எழுதுகிறார்கள். இந்தக் காதுகளுக்கு எந்தப் பொத்தான் நல்லது என்று யாரும் எழுதுவதில்லை. எனக்கு அது வருத்தம்.

அப்பாவின் புகார், பின்னால் ஹெலிகாப்டர் கேட்கவில்லை என்பது இல்லை. "இன்னா சொன்னான்?" என்று காட்சிக்குக் காட்சி கேட்பார். படத்தில் வசனம் பெரும்பாலும் நடுச் சேனலில் இருக்கும். ஸ்டீரியோவாகச் சுருக்கும்போது அதை 3 டெசிபல் குறைத்து இரண்டு பக்கமும் ஊற்றி, இசையையும் பக்கச் சத்தங்களையும் அதே இடத்தில் கொட்டுகிறார்கள். மெய் எழுத்துகளின் கூர்மை 4,000 ஹெர்ட்ஸ் பக்கம் இருப்பதால் அவருக்கு வெறும் உயிரெழுத்துத்தான் போய்ச் சேர்கிறது. சரவுண்ட் பொத்தானைப் போட்டால் மேலே எதிரொலியும் சேர்ந்து இன்னும் மோசம். ஆகவே அவருக்கு அதை அணைத்தேன். விண்டோஸில் எல்ஏவி என்ற இலவச ஒலி டிகோடரில், ஆறு சேனலை இரண்டாக்கும்போது எந்தச் சேனல் எவ்வளவு என்று நாமே சொல்லலாம். நடுச் சேனலை ஏற்றி, பின் சேனல்களை இறக்கி, 3,000 ஹெர்ட்ஸிலிருந்து மேலே ஈக்வலைசரில் கொஞ்சம் தூக்கி, மொத்த வால்யூமைக் குறைத்து வைத்தேன். மொத்தத்தைக் குறைப்பது முக்கியம். கேட்காத காதுக்குச் சத்தத்தைக் கூட்டிக் கொடுத்தால் மிச்சமிருப்பதும் போகும்.

ஆக எங்கள் கம்ப்யூட்டரில் இப்போது இரண்டு ஏற்பாடு இருக்கிறது. அம்மா உட்கார்ந்தால் சோனிக், ஆறு சேனலும். அப்பா உட்கார்ந்தால் அவருடைய கலவை. போன மழைக்காலத்தில் 'கன்னத்தில் முத்தமிட்டால்' பழைய டிவிடியைப் போட்டோம், ஹெட்போன் ஒன்றுதான் என்பதால் ஆளுக்கு ஒரு நாள். அம்மா இலங்கைப் போர்க் காட்சியில் ஹெட்போனைச் சட்டென்று கழற்றித் தோளுக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தார். அப்பா மறுநாள் பார்த்தார், நடுவில் ஒரு டீக்கு எழுந்ததோடு சரி. படம் முடியும் வரை யார் என்ன சொன்னார்கள் என்று என்னை ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.